ஒருத்திக்கு மட்டும் ஒரு விளம்பரம்

மன்சூரா
12 ஜூன் 2022

ருஷ்திக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். காகிதத்தில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. இனி நம் வீட்டு விஷயம் எதையும் போனில் தட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஃபிக்ரி வாத்தியாரின் மகன் விடுமுறை முடிந்து குவைத் திரும்புகிறான். அவனிடம் இந்தக் கடிதமும் ஒரு டப்பா பழைய சீஸும் கொடுத்தனுப்புகிறேன். சீஸ் நம் தங்கை நிஹால் கொடுத்தது. என்னைக் கேட்டிருந்தால் கொடுக்காதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவள் புருஷன் வஜீஹ் பையன் மாசினைத் தூக்கிக்கொண்டு லிபியா போய்விட்டான் என்பது உனக்குத் தெரியும். ஏன் போனான் என்பதை நான் போன வாரம்தான் அவள் வாயிலிருந்து பிடுங்கினேன்.

ரமலான் மாதம். நோன்பு திறந்து கத்தாயிஃப் இனிப்புத் தட்டு சுற்றிவரும் நேரம். மாமியார், நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் டிவி முன்னால். தொடர் நடுவே ஒரு விளம்பரம். கோட்டு போட்ட ஒருவன் விரலை நீட்டி, "புருஷனுக்குத் தெரியாம குலா வாங்கணுமா சகோதரி? ஒரு போன் போதும்" என்கிறான். மணக்கொடையான மஹரை விட்டுக்கொடுத்தாவது பெண் தானே கேட்டு வாங்கும் விவாகரத்தைத்தான் அந்த மடையன் நெய் விற்பது போல விற்கிறான். முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளும் அவனே வந்தான். அதற்கு மறுநாளும் அவனேதான். கடைசியில் மாமியார் தவ்ஹீதா கேட்டாளாம்:

"என்னடி இது அநியாயம்! எதிர் வீட்டு டிவில சோப்பும் நெய்யும் வருது. நம்ம வீட்டுக்கு மட்டும் இவன் தெனம் வந்து நிக்கிறான். யாருடி இங்க குலா கேக்குறவ?"

நாத்தனார்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நிஹால் கையிலிருந்த டீ கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது. வஜீஹ் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அன்றைக்கே டேப்லெட்டை எடுத்து அவள் என்ன படித்தாள் என்று தோண்டிப் பார்த்திருக்கிறான். பெருநாள் முடிந்ததும், "பெங்காஸில அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரோம், மாசின் கடலப் பாக்கட்டும்" என்று சொல்லிப் பையனோடு கிளம்பினான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்து சொன்னது இது:

"உங்கக்கா எழுதுனத நீ மட்டும் இல்ல, நானும் படிச்சேன். புருஷன் குழந்தைய நாட்ட விட்டுக் கொண்டுபோகாம தடை வாங்கறதுதான் மொதல் வேலைன்னு போட்டிருந்தா. நல்லாத்தான் எழுதியிருக்கா. நான் முந்திக்கிட்டேன்."

அதன் பிறகு அவன் எண் வேலை செய்யவில்லை.

வக்கீல் அலுவலகப் படி ஏறப் பயப்படும் பெண்களுக்காகத்தானே நீயும் நானும் இணையத்தில் 'பால்கனி'யை ஆரம்பித்தோம்? துணி உலர்த்திக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பது போல எதையும் கேட்கலாம் என்று பெயர்கூட நீ வைத்ததுதான். அங்கே நான் எழுதியதை வைத்தே என் தங்கையின் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டான்.

இப்போது நீ சொல். நிஹால் படித்தது டேப்லெட்டில், குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. விளம்பரம் வந்தது டிவியில், கூடத்தில். கோட்டுக்காரனுக்கு யார் சொன்னது? நீ பிழைப்பதே விளம்பரக் கம்பெனியில். தெரியாது என்று மட்டும் எழுதாதே. நம் பக்கத்திலிருந்து எல்லா விளம்பரத்தையும் எடுத்துவிட்டுப் பதில் எழுது.

உல்ஃபத்


ஃபர்வானியா, குவைத்
3 ஜூலை 2022

அக்காவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தபோது அறையில் நாலு பேர் இருந்தார்கள். நானும் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படித்தேன்.

யார் சொன்னது என்று கேட்டாய். நான்தான் சொன்னேன். வாயால் அல்ல. உன் குலா பக்கத்தை ஒருத்தி திறந்தால் ஓரத்தில் இருக்கும் விளம்பரப் பெட்டி அவளைக் குறித்துக்கொள்ளும். பிறகு அவள் பெயரில் எங்கெல்லாம் திரை இருக்கிறதோ அங்கெல்லாம் அவளைத் தேடிக்கொண்டு போகும். அந்தப் பெட்டியை வைத்தது நான். நிஹாலுக்கு அந்த டேப்லெட்டை இங்கிருந்து வாங்கி வந்ததும் நான். கடவுச்சொல்லை மறந்துவிடுவாள், பாவம், அலைய வேண்டாம் என்று போன், டேப்லெட், கூடத்து டிவி மூன்றுக்கும் ஒரே பெயரைப் போட்டுக்கொடுத்தேன். அன்றைக்கு அவள் மாமியார்கூட, "பாரு, அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று எனக்கு இரண்டாவது டீ கொடுத்தாள். எங்கள் ஆட்கள் வளைகுடாவிலிருந்து பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோய் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் செய்துவிட்டு வருகிறார்கள். ஒருவனுக்கும் இது தோன்றியதில்லை.

திட்டு. ஆனால் ஒன்றை நீயும் கேள். வக்கீல்கள்தான் விளம்பரத்துக்கு அதிகம் கொடுக்கிறார்கள், நெய்க்காரனையும் சோப்புக்காரனையும் விட. உன் குலா பக்கம்தான் மற்ற பக்கங்களுக்கெல்லாம் சோறு போட்டது. கேள்விகளைப் பிரித்து அனுப்பும் ஹனானின் சம்பளமும், கர்ப்பிணிகளுக்குப் பதில் சொல்லும் டாக்டருக்குக் கொடுப்பதும் எங்கிருந்து வருகிறது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைப்பாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வருஷக் கடைசி வரை ஒப்பந்தம் இருக்கிறது. குலா பக்கத்தில் மட்டும் இன்றைக்கே எடுத்துவிட்டேன். மற்றதையும் எடுத்தால் பால்கனியை இழுத்து மூட வேண்டியதுதான். வேண்டுமானால் மாதச் சந்தா வைத்துப் பூட்டலாம். நம் ஊர்க்காரர்கள் டீக்குக் காசு கொடுப்பார்கள், படிப்பதற்குக் கொடுக்க மாட்டார்கள். இருந்தாலும் பார்க்கலாம்.

நிஹாலுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். நான் அழுது முடிக்கும் வரை வைக்காமல் இருந்தாள்.

ருஷ்தி


மன்சூரா
30 ஜூலை 2022

ருஷ்தி,

நான் கேட்கவில்லை என்று நீ எழுதியது சரிதான். சுருக்கென்று குத்தியது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

சந்தாவை மற. ஹனானிடம் விசாரிக்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பேரிடம் சொந்தக் கார்டே இல்லை. இருப்பது புருஷன் கார்டு. 'பால்கனிக்கு இவ்வளவு செலுத்தப்பட்டது' என்று அவன் போனில் மணி அடிக்கும். கோட்டுக்காரனே தேவலை.

போன வாரம் ஒரு சோப்புக் கம்பெனி ஆள் வந்தான். படி ஏறும்போதே அவன் அத்தர் முன்னால் வந்துவிட்டது. "மொத்தச் செலவையும் நாங்க ஏத்துக்கறோம் வக்கீல் உஸ்தாதா. மேல எங்க பேரு, அவ்வளவுதான். அந்தக் குலா சமாச்சாரத்த மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க. எங்க சோப்பு குடும்பங்களுக்கான சோப்பு" என்றான். "குடும்பத்துல அழுக்கு இருக்கறதாலதானய்யா உங்க சோப்பே விக்குது?" என்று கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நீதிமன்றம் பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டது. முத்திரை எல்லாம் அழகாக இருக்கிறது. சல்லூம் எல்லையைத் தாண்டினால் அது வெறும் காகிதம். வெளியுறவு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். வஜீஹின் அண்ணன் வீடு எந்தத் தெரு என்றுகூட நமக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

நிஹால் இப்போது என்னோடு இருக்கிறாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "நான் வக்கீல். உன் சொந்த அக்கா. எங்கிட்ட வராம ஏண்டி திருடி மாதிரி குளியலறைல உக்காந்து படிச்ச?"

"உங்கிட்ட சொன்னா மறுநாளே கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவ அக்கா. எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேணும்னு இருந்துச்சு" என்றாள்.

அவள் சொன்னபடியேதான் நான் செய்திருப்பேன். ஆனால் பிள்ளை இங்கே இருந்திருப்பான்.

இன்னொன்று. நேற்று அவள் போனில் பால்கனியைத் திறந்தாள். ஓரத்தில் பள்ளிக்கூடப் பை விளம்பரம், கடை பெங்காஸியில் இருக்கிறது. 'ஒன்றாம் வகுப்பு' என்று போட்டிருந்தது. மன்சூராவில் இருக்கிறவளுக்குப் பெங்காஸிக் கடை எதற்கு? போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவனப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்க" என்றாள். இது என்ன கூத்து? எனக்குப் புரியும்படி எழுது.

உல்ஃபத்


ஃபர்வானியா
18 ஆகஸ்ட் 2022

அக்கா,

கூத்து இல்லை. அவள் சொன்னது சரி.

டேப்லெட் மாசினோடு போயிருக்கிறது. இன்னும் அதில் அவன் அம்மாவின் பெயர்தான். என்னென்ன பார்த்தார்கள் என்ற பட்டியலை வஜீஹ் நிறுத்திவிட்டான், இடம் காட்டுவதையும் அணைத்துவிட்டான். விளம்பரம் போகும் வழி மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அங்கே பையனுக்காக யாரோ கடையில் பை தேடியிருக்கிறார்கள். இங்கே அவன் அம்மாவுக்கு அந்தப் பை வந்திருக்கிறது.

அவளிடம் சொல்: கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். எந்தத் திரையிலும் எதையும் தொட வேண்டாம். வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன் வக்கீலம்மா, விளம்பரத்தையெல்லாம் பிடுங்கி எறி என்ற உன் உத்தரவு இன்னும் செல்லுமா?

ருஷ்தி


மன்சூரா
25 செப்டம்பர் 2022

தம்பி,

உன் நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. செல்லும். ஆனால் வருஷக் கடைசி வரை ஒப்பந்தம் இருக்கிறது என்றாயே, அதை நானே இப்போது சாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நிஹால் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் அந்தப் பெட்டியைத்தான் பார்க்கிறாள். ஒரு நாள் மழைக்கோட்டு வந்தது. ஒரு நாள் செருப்பு, பிறகு பந்து. "செருப்பு முப்பதாம் நம்பர் அக்கா, இங்கருந்து போகும்போது இருபத்தெட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு தட்டு ஃபூல் மொச்சை மசியலை ரொட்டியோடு தின்றாள். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். எந்தச் சனியனை விரட்ட நான் வரிந்துகட்டினேனோ, அது என் தங்கைக்குச் சோறு ஊட்டுகிறது.

இருந்தாலும் ஸகாஸீகிலிருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள். நம் கர்ப்பிணிப் பக்கத்தைப் படித்த பிறகு குழந்தைத் தொட்டில் விளம்பரம் அவள் அப்பா போனுக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு மேல் அவள் எழுதியதை இங்கே எழுத என் கை வரவில்லை. குலா பக்கத்தில் மட்டும் எடுத்தால் போதாது, ருஷ்தி.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். மதாம் ஸூஸூவின் சலூன் ஞாபகம் இருக்கிறதா? அங்கே பெண்கள் மாதச் சீட்டுப் பிடிப்பார்கள். பத்துப் பேர் மாதாமாதம் போடுவார்கள், மொத்தம் ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்குப் போகும். ஸூஸூவிடம் போய்ச் சீட்டில் பதினோராவதாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"யாரு பேரு?"

"பால்கனி."

"அது ஆளே இல்லையே உஸ்தாதா. அது எப்படிக் காசு போடும்?"

"அது போடாது. மத்த பத்துப் பேரும் ஒரு மாசம் கூடுதலாப் போடுவீங்க. அந்த மாசம் மொத்தமும் அதுக்கு. ஒருத்தி பேரும் எங்கயும் எழுத மாட்டோம், போடாதவளும் படிக்கலாம்."

ஸூஸூ ஒருத்தி தலையில் மருதாணி அப்பிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு, "என் ரெண்டாவது புருஷன் கிட்டேருந்து தப்பிச்சதே நீங்க எழுதுனதப் படிச்சுத்தான். மூணாவது புருஷன் எப்படின்னு இன்னும் தெரியல, பால்கனி இருக்கட்டும்" என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கே முதல் சீட்டு நிறைந்தது. காசு கைக்குக் கை மாறும். சலூனுக்குள் புருஷன்மார் நுழைவதில்லை. எந்தப் போனும் மணி அடிக்காது.

உல்ஃபத்


ஃபர்வானியா
20 அக்டோபர் 2022

அக்கா,

வாசகரிடம் எப்படிக் காசு வாங்குவது என்று எங்கள் கம்பெனியில் நாள் முழுக்கக் கூட்டம் போடுகிறார்கள். ஒரு பயலுக்கும் சலூன் தோன்றவில்லை. ஹனான் சொன்னாள், தல்காவிலும் தமன்ஹூரிலும்கூடச் சலூன்களில் பதினோராவது பெயர் ஏறிவிட்டதாம். உனக்குச் சலாம்.

ஆனால் அவசரப்படாதே. சீட்டுக் காசு கைக்கு வர மாதங்கள் ஆகும். விளம்பரப் பெட்டி இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும். குறைந்தது அடுத்த ரமலான் வரைக்குமாவது. நிஹாலுக்காகவும் சொல்கிறேன்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

ருஷ்தி


மன்சூரா
17 நவம்பர் 2022

ருஷ்தி,

நிஹால் போன திங்கட்கிழமை சமையலறைக்கு ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. கையில் போன். பையன்களுக்கான ஒரு பனியன் விளம்பரம். மார்பில் ஒரு வெள்ளைப் புறா படம், ஒரு இறக்கை மட்டும் கறுப்பு.

"அக்கா, டாக்டர்! இது டாக்டர்தான்! அவன் தேடித் தேடி எடுத்திருக்கான் பாரு. என் புள்ள மறக்கல."

மொட்டை மாடிக் கூண்டில் மாசின் வளர்த்த அந்தப் புறாவுக்கு அவன் டாக்டர் என்று பெயர் வைத்ததும், தன் தட்டிலிருந்தே அதற்குச் சோறு போட்டதும் நம் வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரியும். அவள் போனை முத்தமிட்டாள், தம்பி. கண்ணாடி மேல் உதட்டை வைத்து அழுத்தினாள். நான் கையில் மொலோகியாக் கீரையோடு நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு இறக்கை மட்டும் கறுப்பாக எந்தக் கடைக்காரன் பனியன் அடிப்பான்? ஆறு வயசுப் பையன் தேடினால் அப்படி ஒன்று கிடைத்துவிடுமா? வாழ்நாள் முழுக்கப் பொய்ச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறவள் நான். சாட்சி அளவுக்கு மீறி நன்றாகப் பேசினால் அங்கேதான் பிடிப்பேன்.

ஒப்பந்தம் ஒப்பந்தம் என்றவன் திடீரென்று அவசரப்படாதே என்று எழுதியதும் ஞாபகத்துக்கு வந்தது.

எப்போதிலிருந்து? அந்தச் செருப்பும் நீயா? மழைக்கோட்டும் நீதானா? அவள் 'முப்பதாம் நம்பர்' என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாளே, அந்த நம்பரை எங்கிருந்து எடுத்தாய்? இந்த முறை சுற்றி வளைக்காமல் எழுது.

உல்ஃபத்


ஃபர்வானியா
9 டிசம்பர் 2022

அக்கா,

பையும் அதற்கு அடுத்து வந்த ஓரிரண்டும் நிஜம். ஆகஸ்ட் கடைசியில் டேப்லெட் பேச்சை நிறுத்திவிட்டது. உடைந்ததா, விற்றுவிட்டானா, அவள் பெயரை எடுத்துவிட்டானா, தெரியாது. எங்கள் வேலையில் அதைக் கண்டுபிடிக்கவும் வழி கிடையாது. இருந்தவன் இல்லை என்று மட்டும் தெரியும்.

நிஹால் எனக்குப் போன் செய்தாள். அவளாகச் செய்தது அதுதான் முதல் தடவை. "அண்ணா, சோப்புதான் வருது. நெய்தான் வருது. அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சாண்ணா?" என்றாள். என் மேல் கோபமாக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? அதற்குப் பதில் அவள் இதைக் கேட்டாள். "ஒண்ணும் ஆகலம்மா, அங்க நெட்டு கொஞ்சம் மோசம், நாளைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வரவைக்கத்தானே வேண்டும்?

பால்கனியின் பெட்டி என் கையில்தான் இருக்கிறது. அவள் பெயரில் உள்ளே வந்தால் மட்டும் நான் வைப்பது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. என் அறையில் இருக்கும் அஸ்யூத்காரனுக்கு ஊரில் மாசின் வயசில் ஒரு பையன். அவனை மனைவியிடம் போனில் கேட்கச் சொல்லித்தான் செருப்பு நம்பர் வைத்தேன். "உனக்கெதுக்குடா என் பையன் கால் அளவு?" என்றான் ஒரு நாள். விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் கேட்காமலே அவன் சொல்ல ஆரம்பித்தான்: "இப்ப பந்த விட்டுட்டு சைக்கிள் கேக்குறான். அதப் போடு."

புறா என் முட்டாள்தனம். அன்றைக்கு மாசினின் பிறந்தநாள். ஏதாவது நல்லதாக அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. அளவு மீறிவிட்டேன்.

ஒரு பெண்ணின் ரகசியத்தைத் திருடி டிவியில் போட்டது என் பெட்டி. அதே பெட்டியில் அவளுக்குப் பொய்யை வைத்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று தெரியவில்லை. இரண்டாவதைச் செய்யும்போதுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஒப்பந்தம் டிசம்பர் கடைசியில் முடிகிறது. முதல் சீட்டுகளின் காசு வந்துவிட்டதாம், பதினோராவது பெயருக்கு முதலிலேயே முறை கொடுத்துவிட்டார்களாம். ஹனான் போனில் அழுதாள். இனி நமக்கு ஒரு விளம்பரமும் தேவையில்லை. நீ சொன்னபடி எல்லாப் பெட்டியையும் எடுத்துவிடுகிறேன். அவளிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் கையில். எனக்குத் தைரியம் இல்லை.

ருஷ்தி


மன்சூரா
8 பிப்ரவரி 2023

அன்புள்ள ருஷ்திக்கு,

ஜனவரி முதல் தேதி பால்கனி சுத்தமாக இருந்தது. ஓரத்தில் பெட்டி இல்லை, குதிக்கும் படம் இல்லை, மெலிய வைக்கும் மாத்திரை இல்லை. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஸகாஸீக் பெண்ணுக்கு நானே எழுதினேன், இனி எங்கள் பக்கத்திலிருந்து உன்னைப் பின்தொடர்ந்து எதுவும் வராது என்று. எத்தனை ஊரில் எத்தனை சலூன் என்று ஸூஸூவுக்கே இப்போது கணக்கு தெரியாது. தையல் கடையிலும் ஆரம்பித்திருக்கிறார்கள். இவ்வளவு வருஷத் தொழிலில் இப்படி ஒரு வழக்கை நான் ஜெயித்ததில்லை.

அன்று காலை நிஹாலும் வழக்கம்போல் முகம் கழுவாமல் போனைத் திறந்தாள். நான் கதவோரம் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். "அக்கா, உன் பக்கம் ரொம்ப அழகா ஆயிடுச்சு" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அவள் அறை வாசல் வரை போனேன். "நிஹால், அது மாசின் இல்லடி, ருஷ்தி" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீதிபதி முன்னால் தடுமாறாத நாக்கு, அந்த வாசலில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அவளுக்கே எல்லாம் தெரியுமோ என்றும் தோன்றுகிறது. கேட்கப் பயமாக இருக்கிறது.

வெளியுறவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மனு பரிசீலனையில் இருக்கிறதாம். பெங்காஸி போய் வரும் ஒரு லாரிக்காரரிடம் விசாரிக்கச் சொன்னேன். அண்ணன் வீடு பூட்டியிருக்கிறது என்கிறார். எங்கே போனார்கள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. இதை நான் நிஹாலிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அவள் சாப்பிடுவதில்லை. மொலோகியா, கோழி, வாத்துகூடச் செய்து பார்த்துவிட்டேன். "வச்சிரு அக்கா, அப்புறம்" என்கிறாள். காலையில் போனைத் திறக்கிறாள், வெறும் வெள்ளையைப் பார்க்கிறாள், மூடுகிறாள். நான் சண்டை போட்டு வாங்கிய வெள்ளை அது. அதைப் பார்த்துக்கொண்டே என் தங்கை என் கண் முன்னால் வற்றிப்போகிறாள்.

ருஷ்தி, இனி நான் கேட்கப்போவதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பால்கனியில் ஒரே ஒரு பெட்டியைத் திரும்ப வை. அவளுக்கு மட்டும், வேறு ஒரு கண்ணிலும் அது படக்கூடாது. அது யாரையும் குறித்துக்கொள்ளக்கூடாது, எவனும் அதற்குக் காசு கொடுக்கக்கூடாது. புறாவெல்லாம் வேண்டாம். சாதாரணமாக இருக்கட்டும்.

அவனுக்கு இப்போது முன்பல் விழுந்திருக்கும். பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று போடு. சின்னது, ஆறு ஏழு வயசுப் பிள்ளைகளுக்கானது. நீல நிறத்தில் போடு.

உன் அக்கா
உல்ஃபத்